வேற அடுப்பு

குழம்பில் இரண்டாம் தடவையும் உப்பை அள்ளிப் போட்டுவிட்டேன். முன்பே போட்டேனா என்று பார்க்கக் கண்ணைத் திறக்க முடிந்தால்தானே? விறகுக்கு வைத்த பருத்திச் செடி மாறு மழையில் நனைந்துவிட்டால் எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். ஆறு மாதமாக என் கண் சிவந்தே கிடந்தது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. இருபத்து மூன்று வயதில் கண்ணை அடுப்புக்குக் கொடுத்துவிட்டு உட்கார எனக்கு இஷ்டமில்லை. உசிலம்பட்டிச் சந்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில், அடுப்பிலிருந்து மண்குழாய் பதித்துப் புகையை ஓட்டுக்கு மேலே அனுப்புகிறார்கள் என்று என் வீட்டுக்காரர் நல்லகாமன் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்பு.

கரண்டியைப் போட்டுவிட்டு, முற்றத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்த மாமியார் சுந்தரம்மாளிடம் போனேன்.

"அத்தே, இனிமே என்னால ஆகாது. எனக்கு வேற அடுப்பு வேணும்."

உரித்த கை நின்றது. "அவனுக்குத் தெரியுமா?"

"அவுகதான இந்த நெனப்பையே கெளப்பி விட்டாக."

அவள் தலையை ஆட்டிவிட்டு மொச்சையைத் தள்ளிவைத்து எழுந்தாள். இவ்வளவு சீக்கிரம் சம்மதித்துவிட்டாளே என்று துள்ளிக்கொண்டு கிணற்றுக்குப் போனேன்.

குடத்தோடு திரும்பினால் முற்றத்தில் பாத்திரங்கள் இரண்டு வரிசையாக இருந்தன. கேப்பை இரண்டு குவியலாகக் கிடந்தது. "வெங்கலப் பானைய நீயே வச்சுக்க. எனக்கு ஒத்த வயிறு, மண்சட்டி போதும்" என்றாள்.

அப்போதுதான் என் வாய் செய்த வேலை எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் மருமகள் வேற அடுப்பு கேட்டால் தனிக்குடித்தனம் கேட்கிறாள் என்று அர்த்தம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அய்யோ அத்தே, பொக வெளிய போற அடுப்புத்தான் கேட்டேன். ஒங்கள விட்டுட்டு நான் எங்க போறேன்?"

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நானும் எம் மாமியாகிட்ட இதே வார்த்தையத்தான் கேட்டேன். நான் நெசமாவே கேட்டேன். தனியா வந்து இந்த அடுப்பப் போட்டேன். சாகுற மட்டும் அவ இதுல பொங்குனத வாயில வைக்கல."

முப்பது வருஷம் அவள் பூசி மெழுகிய அடுப்பு. இதை இடித்தால்தான் புது அடுப்புக்கு இடம். கேட்கவே பயமாக இருந்தது. "அப்ப இத இடிக்க வேணாமா அத்தே?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மொதல்ல சட்டி பானைய உள்ள வையி. எவளாவது பாத்தா ஊரு பூரா சொல்லிருவா." பிறகு கடப்பாரையைத் தேடிப் போனாள். அன்றே அவள் கையாலேயே இடித்தாள். அந்த மண்ணையும் புது மண்ணோடு சேர்த்துக் குழைக்கச் சொன்னாள்.

மண்குழாய் பதித்த புது அடுப்பு காயும்வரை முற்றத்தில் மூன்று கல் வைத்துச் சமைத்தோம். பத்தாம் நாள் காலை தீ மூட்டினேன். குழாய் முதலில் அடம்பிடித்து என் முகத்திலேயே ஊதியது. பிறகு மெல்லப் புகையை உள்ளே இழுத்துக்கொண்டது. வெளியிலிருந்து மாமியாரின் குரல் கேட்டது.

"ஏத்தா, வருது! ஓட்டுக்கு மேல வருது!"

கண்ணைக் கசக்காமல் வெளியே வந்தேன். அவள் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்: "அடியே இருளாயி! எங்க வீட்ல வேற அடுப்பு வச்சாச்சுடி!"

இருளாயி முறத்தைப் போட்டுவிட்டு, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். மாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கையை மட்டும் ஓட்டுக்கு மேலே எழும் புகையை நோக்கிக் காட்டியபடி நின்றாள்.