வாசலைத் தாண்டிய குங்குமத் தட்டு

கார்வேட்டிநகரம் பக்கத்தில் எந்த வீட்டு விசேஷ அழைப்பும் கோவர்த்தனன் வாசலைத் தாண்டிப் போனதில்லை. அந்த வாசலில் நின்றுதான் போன மாதம் மகளிர் சங்கத்துக் கலைவாணி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வீட்டுப் பெண்களை அனுப்பச் சொன்னாள். அவள் மாமனார் இவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவன்.

"மானங்கெட்ட பேச்ச எங்க வந்து பேசற? இனிமே படி ஏறாத!"

அவர் விரட்டியதைக் கேட்டு ஊரில் ஒருத்தியும் போகவில்லை.

ஆனால் தீட்டு நின்று பல வருடமான மனைவி சுந்தரி, மோட்டார் கொட்டகையில் ஒளிந்து ரத்தக் கறைப் புடவை அலசுவதை அவர் பார்த்திருந்தார். கேட்கவில்லை. கேட்பதற்கு வார்த்தை வேண்டுமே; கௌரவமான வீட்டில் அந்த வார்த்தை ஏது?

வெள்ளிக்கிழமை கலைவாணி கூட்டம் குங்குமத் தட்டோடு தெருவில் இறங்கியது. கல்யாணத்துக்கு அழைப்பதுபோல் வீடு வீடாகப் பொட்டு வைத்து, "செவ்வாக்கெழம புத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்துருங்கக்கா" என்றார்கள். பொட்டு வாங்கியவள் போகாவிட்டால் வீட்டுக்கே இழுக்கு. இதுகளுக்கும் மூளை வேலை செய்கிறதே என்று வாசலில் நின்ற கோவர்த்தனன் உதட்டைச் சுழித்தார்.

தட்டு பக்கத்து ரத்தினம்மா வீட்டில் நின்றது. அவர் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனது.

"ஏய், நில்லு! இன்னா இது, கருமாதி வூடா? தாண்டிக்கினு போற!"

"நீங்கதான பெரியய்யா படி ஏறாதன்னீங்க?"

"ஏறாதன்னேன். அழைக்காதன்னு சொன்னனா? மொறை தெரியாத ஜென்மங்க!"

"அப்ப கீழயே நின்னு வெக்கட்டுமா?"

கூட வந்தவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். உள்ளேயிருந்து வந்த சுந்தரி படியிறங்கிப் போய் நெற்றியைக் காட்டினாள்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய வேனில் முன்சீட்டில் அவர்தான். வராத வீடுகளைப் பார்த்துக் கத்தினார்: "பொட்டு வாங்கிக்கினு பொண்டாட்டிய வூட்ல குந்த வெச்சிக்கினு கீறவன்லாம் ஆம்பளயா?" இன்னும் சில பெண்கள் ஏறினார்கள்.

பரிசோதித்த நர்ஸ் சுந்தரியை வெளியே காத்திருந்த கோவர்த்தனனிடம் அழைத்து வந்தாள். "திருப்பதி பெரியாஸ்பத்திரில சதைய எடுத்துப் பாக்கணும். எப்பத்துலருந்தும்மா ரத்தம் படுது?"

சுந்தரி தரையைப் பார்த்தாள்.

"சங்கராந்திலருந்து" என்றார் கோவர்த்தனன்.

சுந்தரி நிமிர்ந்து அவரையே பார்த்தாள்.

"தொணைக்கு யாராச்சும் வரட்டுமா, பெரியய்யா?" என்றாள் கலைவாணி.

"எம் பொண்டாட்டிய திருப்பதிக்குக் கூட்டிக்கினு போவ எனக்கு எவளும் பொட்டு வெக்கத் தேவல" என்று முறைத்துவிட்டு, சுந்தரியின் பையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.