குவாஷ் சாகாத குற்றம்

கரோலினாக் கரையில் எங்கள் துரையின் நெல் தோட்டத்தில் கோதுமை மாவைத் தொடுகிற கறுப்புக் கை பைனாவுடையது மட்டும்தான். மற்ற அடிமைகள் எங்களுக்கு விடிந்தால் முழங்கால் சேறு, பொழுதடைந்தால் உரலும் உலக்கையும். தின்பதற்கு நொய்யும் சோளமாவும். அவள் துரை வீட்டுச் சமையல்காரி. தேவாலயத்தில் திருவிருந்து வரும்போதெல்லாம் அதற்கான அப்பத்தையும் அவள்தான் சுட்டுக் கொடுப்பாள்.

"மத்த வேலையெல்லாம் அந்தாளுக்குச் செய்யுறேன், திர்சா. இது ஒண்ணுதான் கர்த்தருக்கு," என்பாள்.

நல்ல கர்த்தர் வேலை. அந்த அப்பத்தில் ஒரு துணுக்குகூட அவள் வாயில் படக் கூடாது என்று சபை தீர்த்திருந்தது.

என்ன குற்றம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். அவள் புருஷன் குவாஷை அலபாமாவுக்கு விற்றவர் துரை. அவள் அழுது ஓய்வதற்குள் ஹெக்டர் என்கிற இன்னொரு அடிமையைக் கொண்டுவந்து அவள் குடிசையில் குடிவைத்தவரும் அவரே. பிள்ளை பிறந்தால் அவருக்குத்தானே சொத்து. ஆனால் அவர் முன்வரிசையில் உட்காருகிற அதே சபையின் மூப்பர்கள் கூடி, முதல் புருஷன் உயிரோடிருக்கையில் இன்னொருவனோடு வாழ்கிறாள், விபசாரி என்று சொல்லி அவளைத் திருவிருந்திலிருந்து விலக்கினார்கள். ஹெக்டரை விட்டால் சவுக்கு, விடாவிட்டால் நரகம்.

தேவாலய மேல்மாடத்தில், கறுப்பர் பெஞ்சில், என் பக்கத்தில்தான் உட்காருவாள். அப்பத் தட்டு வந்தால் தலையைக் குனிந்துகொண்டு என் பக்கம் தள்ளிவிடுவாள். ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்டுவிட்டுப் பட்டினி கிடப்பவளைப் பார்த்துக்கொண்டே தின்பது லேசான காரியமில்லை.

மூப்பர் பெல்ட்டன் ஒரு வழி வைத்திருந்தார். குவாஷ் செத்தான் என்று சேதி வந்தால் அவள் விதவை. ஹெக்டருக்கு முறையாக மணம் முடித்துச் சேர்த்துக்கொள்ளலாம். அந்தச் சேதிக்காகப் பைனா வருஷக்கணக்கில் காத்திருந்தாள். சாவதற்குள் ஒரு தரம், ஒரே ஒரு தரம், அந்தத் தட்டில் கை வைக்க வேண்டும். வேறு ஆசையே அவளுக்குக் கிடையாது.

அறுப்பு முடிந்த சமயம் துரைசானியின் தம்பி அலபாமாவிலிருந்து விருந்துக்கு வந்தார். அவருடைய வண்டிக்காரன் ஜூபா சமையல்கட்டு வாசலில் சாப்பிட உட்கார்ந்தான். நான் குத்திய அரிசியைக் கொட்ட வந்திருந்தேன்.

"இங்க பைனாங்கிறது யாரு?"

"நான்தான். எதுக்கு?"

"குவாஷ்னு ஒருத்தன் எங்க பக்கத்துத் தோட்டத்துல இருக்கான். நீ நல்லா இருக்கியான்னு பாத்துட்டு வரச் சொன்னான்."

"இருக்கானா?"

"இருக்கானாவா? குத்துக்கல்லு மாதிரி இருக்கான். வேற பொண்ணக் கட்டிக்கச் சொன்னா மாட்டேங்கிறான். அதுக்கே மாசம் தவறாம அடி வாங்குறான், கிறுக்கன்."

பைனா திரும்பி அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

ஜூபா மறுநாளே போய்விட்டான். அலபாமாக்காரன் ஏதோ சேதி கொண்டுவந்தானாம் என்பது மட்டும் மூப்பர் காதுக்கு எட்ட, அவர் சபையின் சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் பைனாவை வரச் சொல்லியிருந்தார்.

"செத்துட்டான்னு சொல்லிடு," என்றான் ஹெக்டர். கெட்டவன் இல்லை, அவனும் எங்கேயோ ஒருத்தியை விட்டுவிட்டு வந்தவன்தான். "நம்ம மூணு பேருக்குத்தானே தெரியும். அலபாமா வரைக்கும் போயி எவன் குழியத் தோண்டிப் பாக்கப் போறான்?"

"சொல்லுடி," என்றேன் நானும். "அவங்க நம்மகிட்டப் பேசாத பொய்யா?"

கூட்டத்தில் பைனா நடுவில் நின்றாள். ஹெக்டர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றான்.

"என்ன பைனா, உன் குவாஷ் பத்தி சேதி வந்துச்சாமே. செத்துட்டானா?" என்று மூப்பர் கேட்டார்.

"இல்லீங்க ஐயா. உசுரோட இருக்கான்."

மூப்பர் பெருமூச்சு விட்டார். "அப்போ நாங்க என்ன செய்ய முடியும், சொல்லு. பொறுமையா இரு. நாளைக்கு அப்பத்த மறந்துடாத."

வெளியே வந்ததும் ஹெக்டர் யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டான். நான் வாய்க்கால் கரையில் அவளைப் பிடித்து நிறுத்தினேன்.

"உனக்குப் புத்தி கித்தி இருக்கா? ஒரு வார்த்தை, பைனா. நாளைக்கே நீயும் கை நீட்டியிருக்கலாமே."

அவள் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இருக்கான்னு ஜூபா சொன்னான்ல, அப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? சந்தோஷம் வரல, திர்சா. அடப்பாவி, இன்னும் சாகலையான்னுதான் வந்துச்சு."

"சும்மா இருடி."

"ஒவ்வொரு தரமும் அந்த மாவுல கைய வெச்சுக்கிட்டு என்ன ஜெபம் பண்ணேங்கிற? அவன எடுத்துக்கோ சாமி, அவன எடுத்துக்கோன்னுதான் கேட்டேன். அவன் அங்க எனக்காக அடி வாங்கிட்டு இருந்திருக்கான். நான் இங்க அவன் சாவ வேண்டிக்கிட்டு இருந்திருக்கேன். இப்ப என் வாயாலயும் அவனக் கொல்லச் சொல்றியா?"

அவள் தோளில் கை வைத்தேன், தட்டிவிட்டாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இருட்டுமுன் அப்பத்துக்கு மாவைப் பிசைந்து வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு அவளே எழுந்து சமையல்கட்டுப் பக்கம் நடந்தாள்.