மூன்றாம் சிலிண்டர்

இரவு ஷிஃப்ட் முடிந்து வெண்டல் ஸ்டக்கி காலை ஆறே முக்காலுக்கு வீடு வந்தான். மாமனாரின் கார் பானெட்டைத் திறந்துகொண்டு வாசலிலேயே நின்றது. நேற்று சாயங்காலம் வேலைக்குப் போகும்போது எப்படி விட்டுப்போனானோ அப்படியே.

இன்று ஜூலை நான்கு, அமெரிக்கச் சுதந்திர தினம். பத்து மணிக்கு ஊர்வலம். முப்பத்தொரு வருஷமாக ஊர்வலத்தின் முதல் வண்டி இந்தக் கார்தான். ஓட்டிக்கொண்டிருந்த மாமனார் ஹார்லன் பிப்ரவரியில் செத்துப்போனார். இந்த வருஷம் அவர் மகள், வெண்டலின் மனைவி டார்லா ஓட்டுவதாக ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஆனால் என்ஜின் எட்டு சிலிண்டரில் ஏழில்தான் ஓடியது. நின்ற இடத்தில் ஓடவிட்டால் குளிர்காய்ச்சல் வந்தவன்போல நடுங்கியது. நடை வேகத்தில் ஒரு மைல் போக வேண்டிய ஊர்வலத்தில், பேண்டு வாத்தியத்துக்கு முன்னால், அது கட்டாயம் அணைந்துபோகும்.

"நான் பாத்துக்கறேன்" என்று வெண்டல் சொல்லியிருந்தான். அதுதான் வினை. அவனுடைய தாத்தா, அப்பா, அவன், மூன்று பேருமே இந்தக் காரைச் செய்த கம்பெனிக்குப் போட்டியான இன்னொரு கம்பெனிக்காரர்கள், அதன் வண்டியைத் தவிர வேறு ஓட்டாதவர்கள். இந்தியானாவின் அந்தப் பகுதியில் கம்பெனி என்பது மதம் மாதிரி. ஹார்லன் சாகும்வரை மருமகனின் வண்டியைத் தன் வாசலில் நிறுத்த விட்டதில்லை. தெருவில்தான் நிறுத்த வேண்டும், கிறிஸ்துமஸ் அன்றைக்கும். அந்த ஆளின் காரைச் சரிசெய்து ஊர்வலத்தில் விட வேண்டும் என்பதில் வெண்டலுக்கு ஒரு வெறியே இருந்தது.

மைத்துனனிடம் இரவல் வாங்கிய, என்ஜின் கோளாறு சொல்லும் ஸ்கேனரை மறுபடி மாட்டிப் பார்த்தான். மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது அது எரியவில்லை என்றது. நேற்றும் அதையேதான் சொன்னது. நேற்றே மூன்றாவதுக்குப் புது ஸ்பார்க் பிளக் போட்டாயிற்று. இப்போது அதன் வயரையும் மாற்றினான். ஸ்டார்ட் செய்தான். கார் நடுங்கியது. ஸ்கேனர் மூன்று என்றது.

"என்ன மச்சான், உயிர் இருக்கா?"

டார்லாவின் தம்பி ராய்ஸ். கையில் காப்பி, தலையில் ஊர்த் தீயணைப்புப் படையின் தொப்பி. ஊர்வலத்தில் அவன் தீயணைப்பு வண்டியில் வருவான்.

"பத்தடி தள்ளி நில்லுன்னு சொன்னேனா இல்லையா?"

"பத்தடிதான் நிக்கறேன். வேணும்னா டேப் வச்சு அளந்துக்க." ராய்ஸ் ஒரு மடக்குக் குடித்தான். "எங்கப்பா கார் உன் கைபட்டா ஒடம்பு கூசும். அதான் நடுங்குது."

"உன் ஸ்கேனர்தான் பொய் சொல்லுது."

"அது எல்லார்கிட்டயும் உண்மைதான் சொல்லும். கேக்கற ஆளப் பொறுத்தது. சரி, இழுத்துக் கட்டக் கயிறு கொண்டு வரவா?"

"போடா."

அவன் சிரித்துக்கொண்டே போனான்.

வெண்டல் பழைய முறைக்கு வந்தான். என்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு வயராகப் பிடுங்க வேண்டும். பிடுங்கியும் ஓட்டத்தில் மாற்றம் இல்லையென்றால் அதுதான் செத்த சிலிண்டர். ஷாக் அடிக்காமலிருக்க டார்லாவின் அடுப்புக் கையுறையை மாட்டிக்கொண்டான். அதில் நான்கு கோழிகள் அச்சடித்திருந்தன. தான் மாற்றிய மூன்றாவது வயரைப் பிடுங்கினான். கார் இன்னும் மோசமாக உதறியது.

அப்படியென்றால் அந்த சிலிண்டர் நன்றாக வேலை செய்கிறது.

வயரை மாட்டிவிட்டு, என்ஜினை அணைத்துவிட்டு, கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தான். தூக்கம் மண்டைக்குள் மணல்போல இறங்கியது. மணி ஒன்பதரை. மூன்று நன்றாக இருக்கிறது, மூன்று கெட்டிருக்கிறது. இரண்டும் உண்மையாக இருக்க வழியே இல்லை.

டார்லா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் கொடிகளோடு வந்தாள்.

"என்ன சொல்லுது?"

"மூணுன்னுதான்."

"அப்ப ஏன் இந்தப் பக்கம் ஒக்காந்திருக்க?"

"மூணு இங்கதான இருக்கு? டிரைவர் பக்கம், ரெண்டாவது."

"உங்க வண்டில."

வெண்டல் அவளைப் பார்த்தான்.

"உங்க கம்பெனில இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ரெண்டுன்னு மாத்தி மாத்தி எண்ணுவீங்க. இவங்க அந்தப் பக்கமே ஒண்ணுலேருந்து நாலு வரைக்கும் எண்ணிட்டு, அப்புறந்தான் இந்தப் பக்கம் வருவாங்க. நீ நேத்திலேருந்து ஆறாவதுக்கு வைத்தியம் பண்ணிட்டு இருக்க."

அவள் கொடிகளை அவன் மடியில் போட்டாள். மறுபக்கம் போய், சட்டைக் கையைச் சுருட்டி, ஹீட்டர் பெட்டிக்கு அடியில் ஆள் கை நுழையாத சந்தில் கையை விட்டாள். பன்னிரண்டு வயதிலிருந்து அந்த பிளக்கை மாற்றுவது அவள் வேலை. ஹார்லனின் கை அதற்குள் போகாது. வெளியே வந்த வயரின் முனையில் ரப்பர் தொப்பி உருகிக் கருகி, சூயிங்கம் மாதிரி தொங்கியது. புகைக்குழாயில் உரசி வெந்திருந்தது.

"எப்பலேருந்து ஒனக்குத் தெரியும்?"

"நேத்து சாயந்தரத்திலேருந்து."

"சொல்லிருக்கலாம்ல!"

"'ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது'ன்னு நேத்து கத்தினது யாரு? ஒம்பதரை வரைக்கும் பொறுப்போம்னு இருந்தேன். வயரக் குடு."

வாங்கி வைத்திருந்த செட்டிலிருந்து அதற்கான வயரை எடுத்துக் கொடுத்தான். அவள் மாட்டினாள். சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்தது. வெண்டல் என்ஜின் மூடியின்மேல் கையை வைத்தான். கை ஆடவில்லை.

சத்தம் கேட்டு ராய்ஸ் தெருவைக் கடந்து ஓடிவந்தான். பத்தடியில் வந்து நின்றுகொண்டான்.

"ஓடுதே! என்னடா ஆச்சு? எதுல கோளாறு?"

டார்லா துணியில் கையைத் துடைத்தாள். வெண்டல் 'வயர்' என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும், அது பொய்யும் இல்லை. ஆனால் இருபத்திரண்டு மணி நேரமாகத் தூங்காதவனுக்குப் பொய்யைக் கட்டிக் காப்பாற்றத் தெம்பு கிடையாது.

"தப்பா எண்ணிட்டேன்" என்றான். "எங்க கணக்குல எண்ணிட்டேன். கண்டுபிடிச்சதும் மாட்டினதும் ஒங்கக்காதான்."

ராய்ஸ் சிரிக்கவில்லை. பிறகு புல்லில் முழங்காலிட்டு, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

"அப்பா, கேட்டுச்சா?" என்றான். உடனே செல்போனை எடுத்தான்.

"நீயும் ஏறு" என்றாள் டார்லா வெண்டலிடம்.

"நானா? அந்தக் கார்லயா? ஊரே பாக்கும்."

"பாக்கட்டும். வழில நின்னுட்டா நான் எறங்கிக் கை விட முடியுமா? வெள்ளச் சட்ட."

ஏறினான். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அந்தக் கம்பெனி வண்டியில் ஊர் நடுவே உட்கார்ந்து போனான். செய்தி அவனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. தானியக் கிடங்கு வாசலில் நின்றவர்கள் மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார்கள். சர்ச் படியில் பாதிரியாரும் காட்டினார். முடிதிருத்தும் கடைக்காரன், அவனும் வெண்டலின் கம்பெனிக்காரன்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அந்தப் பக்கம், வெண்டல்! அந்தப் பக்கம்!" என்று யாரோ ஒரு பெண் கூவினாள்.

வெண்டலும் மூன்று விரலைத் தூக்கி ஆட்டினான். டார்லா நேராகப் பார்த்தபடி ஓட்டினாள். அவள் உதடு இறுகியிருந்தது. அழுகையா சிரிப்பா என்று அவன் கேட்கவில்லை. பேண்டு பின்னால் முழங்கியது. கார் நடை வேகத்தில், ஒரு உதறல் இல்லாமல், இருப்பதே தெரியாமல் ஓடியது.

வங்கி முனை வருவதற்குள் வெண்டல் தூங்கிவிட்டான்.