தகெமுரா சிரித்த படம்

ஜப்பானின் கடலோர ஊரான ஒனோமிச்சிக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் படம் எடுக்காமல் போவதில்லை. மலைச்சரிவின் படிக்கட்டு, அதில் வெயில் காயும் பூனைகள், எதிர்த்தீவுக்கும் இந்தக் கரைக்கும் ஓயாமல் போய்வரும் படகு எல்லாவற்றையும் எடுத்துத் தீர்த்த பிறகுதான் பசியே தெரியும். அப்போது கடைவீதிக்கு இறங்கி வருவார்கள். தோமிகோவின் கடையில் மதியக் கூட்டத்தில் பாதி அப்படி வருவதுதான். நீளமான இரும்புக்கல்லில் அவள் மாவை மெல்லிசாக ஊற்றி, அதன்மேல் கோஸை மலையாகக் குவித்து, நூடுல்ஸ் பரப்பி, முட்டையை உடைத்துத் திருப்பிப் போடுவதற்குள் நாலு போன்கள் அவள் கையை நோக்கி நீண்டுவிடும். அவளுக்கு அது பழகிவிட்டது.

பழகாதவர் தகெமுரா ஒருவர்தான். எதிர்த்தீவின் கப்பல் பட்டறையில் பெயின்ட் அடிக்கிறவர். சனிக்கிழமை தவறாமல் படகேறி வந்து, கல்லை ஒட்டிய கடைசி மூலையில் உட்காருவார். யாராவது போனைத் தூக்கினால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஊர், குடும்பம் பற்றி வாயே திறக்கமாட்டார். ஒரு புத்தாண்டன்று மட்டும், கொஞ்சம் சாக்கே மது உள்ளே போயிருந்தபோது, "தோமிகோ சான், என்னைத் தேடி யாராச்சும் வந்தா தெரியாதுன்னு சொல்லிடுங்க" என்றார். கடன்காரர்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவளும் சரி என்று வாக்குக் கொடுத்தாள்.

அந்த இலையுதிர் காலத்தில் தைவானிலிருந்து லின் என்றொரு பெண் வந்தாள். தோளில் பெரிய கேமரா, தட்டுத் தடுமாறும் ஜப்பானியப் பேச்சு. ஊரில் தங்கிய நான்கு நாளும் மதியம் தோமிகோ கடையில்தான் சாப்பாடு. நான்காம் நாள் சனிக்கிழமை. ஆவி பறக்கும் கல்லுக்குப் பின்னால் தெரிந்த தகெமுராவைப் பார்த்து, "ஐயா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா, வேணாம்" என்று அவர் கையை ஆட்டினார்.

தோமிகோவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அடடா, ரொம்பத்தான் பிகு! நீ எடுத்துக்கோம்மா. இந்த மூஞ்சியைப் பார்த்துட்டு எந்த ராஜகுமாரி தேடிக்கிட்டு வரப்போறா? பூனை வேணா வரும், மீன் வாடைக்கு!"

கடையே சிரித்தது. தகெமுராவும் தன்னை மறந்து, வாய் நிறையச் சிரித்துவிட்டார். அந்த நொடியில் கேமரா சொடுக்கியது. அவர் தட்டைக் காலி செய்துவிட்டு வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்து போனார்.

ஊருக்குத் திரும்பிய லின், படங்களை இணையத்தில் போட்டுவிட்டுத் தோமிகோவுக்கும் அனுப்பினாள். கடலும் படகும் படியும் பூனையும் தோமிகோ தினம் பார்ப்பவைதான், ஆனாலும் படத்தில் வேறோர் ஊர்போல் இருந்தன. எல்லாவற்றிலும் நல்ல படம் தகெமுராவுடையது. வெள்ளை ஆவிக்கு நடுவில் கண் இடுங்கச் சிரிக்கும் முகம். அவரிடம் காட்டினால் கோபிப்பாரோ என்று காட்டாமல் விட்டாள்.

குளிர் தொடங்கிய ஒரு புதன்கிழமை, முப்பது வயதுப் பெண் ஒருத்தி கடைக்குள் வந்தாள். தற்செயலாகத் தகெமுராவின் அதே மூலையில் உட்கார்ந்து சாப்பாடு சொன்னாள். பாதி சாப்பிட்ட பிறகு போனை நீட்டினாள். திரையில் அந்தப் படம்.

"இவரைத் தெரியுமா அக்கா? எங்க அப்பா. நான் தோயாமாவிலேர்ந்து வர்றேன்."

தோமிகோவின் கைக்கரண்டி ஒரு கணம் நின்றது. கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. "தெரியலையேம்மா. ஊர் சுத்திப் பார்க்க வந்தவரா இருக்கும். ஒரே ஒரு தடவை வந்தாரு."

"திரும்ப எப்பவாச்சும் வந்தார்னா, எங்க அம்மா..."

"வரமாட்டாரும்மா" என்று தோமிகோ வெட்டினாள். பேச்சு நீண்டால் தன் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம். அந்தப் பெண் மிச்சத்தைத் தொடவில்லை. எழுந்து, குனிந்து வணங்கிவிட்டு வெளியேறினாள்.

சனிக்கிழமை தகெமுரா வந்ததும், ஏதோ பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றிய தோரணையில் தோமிகோ எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"சாயோரியா?"

"பேரு கேக்கலையே. இடது கன்னத்துல ஒரு மச்சம்."

"சாப்பிட்டாளா?"

"பாதிதான் சாப்பிட்டா."

"இஞ்சியைப் பொறுக்கித் தள்ளி வெச்சிருப்பா."

ஆமாம், தட்டோரத்தில் இஞ்சி கிடந்தது. "நீங்கதானே சொன்னீங்க, தகெமுரா சான்..."

"சொன்னேன்தான். நான் சொன்னதைத்தான் நீங்க செஞ்சீங்க" என்றார் அவர். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

பிறகு அவரே, கல்லைப் பார்த்தபடி, சொன்னார். பல வருஷங்களுக்கு முன்னால், தோயாமாவில் அலைதடுப்புச் சுவரில் மகனோடு மீன் பிடிக்கப் போயிருந்தார். சிகரெட் பற்றவைக்கத் திரும்பிய நேரத்தில் ஒரு அலை ஏறிப் பையனை இழுத்துக்கொண்டு போய்விட்டது. "என் பொண்டாட்டி ஒரு வார்த்தை கேக்கல. மூணு வேளையும் சாப்பாடு எடுத்து வெச்சா. அவ என்னைத் திட்டியிருந்தா நான் அங்கேயே இருந்திருப்பேன். தாங்க முடியல, ஓடி வந்துட்டேன்."

"உங்க மக 'அம்மா'ன்னு என்னவோ சொல்ல வந்தா. நான்தான் சொல்லவிடல" என்றாள் தோமிகோ.

தோயாமா வீட்டின் பழைய எண்ணில் யாரும் எடுக்கவில்லை. அன்றைக்கே தோமிகோ லின்னுக்கு எழுதினாள். படத்தைப் பார்த்து யாராவது விசாரித்தார்களா, விலாசம் இருக்கிறதா என்று. லின் அப்போது ஏதோ மலைப்பாதையில் நடந்துகொண்டிருந்தாள். பதில் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. படத்தைப் பார்த்துக் கடையை விசாரித்திருந்த சாயோரியின் எண் அதில் இருந்தது.

தகெமுரா கடையிலிருந்தே கூப்பிட்டார். அடுப்பை அணைத்துவிட்டுத் தோமிகோ பக்கத்தில் நின்றாள். "நான்தான்" என்றார் அவர். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்தபோது முகத்தில் நிறமில்லை.

"என் பொண்டாட்டி போன வாரம் போயிட்டா. ஆஸ்பத்திரியில இருந்திருக்கா. மக அந்தப் படத்தைக் காட்டியிருக்கா. ரொம்ப நேரம் பார்த்துட்டு, கூட்டிட்டு வான்னு மட்டும் சொன்னாளாம். எதுக்குன்னு சொல்லலையாம்." தன் மூலையில் உட்கார்ந்து, "இத்தனை வருஷத்துல ஒரு நாள் சிரிச்சேன், தோமிகோ சான். கடைசியா அவ பார்த்தது அதைத்தான். புள்ளையைப் பறிகொடுத்தவன் சிரிச்சுக்கிட்டுத் திரியறான்னு நெனச்சிருப்பாளோ என்னவோ" என்றார்.

அவரைச் சிரிக்க வைத்தது தோமிகோவின் பேச்சு என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

மறுநாள் ரயிலேறிப் போனவர், மனைவியின் நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான், தங்கியிருந்த அறையைக் காலி செய்வதற்காக மகளோடு வந்தார். இருவரும் கடைக்கு வந்தார்கள். இனி தோயாமாவில்தான் என்றார். அவர் சாமான் கட்டக் கயிறு வாங்கப் போன நேரத்தில் தோமிகோ சாயோரிக்கு முன்னால் தலை குனிந்து நின்றாள்.

"என்னை மன்னிச்சுடும்மா. நான் மட்டும் அன்னைக்கு உண்மையைச் சொல்லியிருந்தா..."

"நீங்க பொய் சொல்றீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் அக்கா. கரண்டி நின்னுச்சே" என்றாள் சாயோரி. "இன்னொரு தடவை கேட்டிருக்கணும். சனிக்கிழமை வரைக்கும் இருந்திருக்கணும். அப்பா என்னைப் பார்க்கப் பிடிக்காமத்தான் சொல்லச் சொல்லியிருக்காருன்னு கோவம் வந்துடுச்சு. அந்தக் கோவத்துல ரயிலேறிட்டேன்."

தோமிகோ கல்லுக்கு அடியில் அடுப்பைப் பற்றவைத்தாள். இஞ்சி போடாமல் ஒன்று, போட்டு ஒன்று என இரண்டு தட்டு செய்து வைத்தாள். தகெமுரா திரும்பி வந்ததும் அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தெருவில் போன ஒரு வெளியூர்க்காரர் வாசலில் நின்று, ஆவியும் அந்த இரண்டு முதுகுகளும் பிடித்துப்போய், கேமராவைத் தூக்கினார். எடுக்கலாமா என்று புருவத்தாலேயே தோமிகோவைக் கேட்டார்.

"அவங்களைக் கேளுங்க" என்றாள் தோமிகோ.