கேப் போடாத பல்

குவுன் டோங்கில், மருந்துக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருக்கிறது டாக்டர் மோக்கின் பல் கிளினிக். அங்கே வருகிறவர்களிடம் நர்ஸ் ஃபோங் சௌலின், எல்லோருக்கும் லின் அக்கா, பத்தொன்பது வருஷமாக ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தாள்.

“ரூட் கெனால் பண்ணின பல்லு செத்த பல்லு. காய்ஞ்ச சுள்ளி மாதிரி. மேல கேப் போடலைன்னா ஒருநாள் ரெண்டாப் பொளந்துரும். அப்புறம் பிடுங்கித்தான் ஆகணும்.”

வந்தவர் விலையைக் கேட்டு நெளிந்தால் அடுத்த பாட்டு. “எல்லைக்கு அந்தப் பக்கம் ஷென்ஜென்ல சல்லிசாப் போடறாங்கன்னு ரயில் ஏறிராதீங்க. அங்க சிரிச்சிக்கிட்டே போட்டுக்கிட்டு, இங்க வந்து அழுதவங்களை நான் எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன்.”

அப்படி அழுதவர்கள் மொத்தம் மூன்று பேர். போட்டுக்கொண்டு சௌக்கியமாக நண்டு கடித்துத் தின்கிறவர்கள் இந்தப் பக்கம் ஏன் வரப்போகிறார்கள்? இது லின் அக்காவுக்குத் தோன்றவே இல்லை. டாக்டர் சொல்லிக்கொடுத்த வார்த்தை, சொல்லிச் சொல்லி அவள் வார்த்தையாகவே ஆகிவிட்டிருந்தது.

அக்டோபரில் அவளுக்கே மேல்வரிசை இடதுபக்கப் பல் ஒன்று கெட்டது. சிரித்தால் தெரிகிற பல். டாக்டர் மோக் தானே முன்வந்து, காசு வாங்காமல், இரண்டு மதிய இடைவேளைகளில் ரூட் கெனால் செய்துவிட்டார். நல்ல கை அவருக்கு. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

“கேப்புக்கு லேப் காசு மட்டும் கொடு போதும், லின். ஒரு நேரம் காலியாகட்டும், போட்டுடலாம்” என்றார்.

மற்றவர்களுக்கு ஒன்பதாயிரம் டாலர். அவள் சம்பளத்தில் பாதிக்கு மேல். லேப் காசு மட்டும் என்றால் சமாளிக்கலாம். லின்னுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

நேரம் காலியாகத்தான் செய்தது. வாரத்துக்கு ஒருவராவது கடைசி நிமிஷத்தில் வரவில்லை என்று போன் செய்வார்கள். அப்பாயின்ட்மென்ட் புத்தகமும் அவள் கையில்தான் இருந்தது. ஆனால் அந்தப் புத்தகத்தில் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ள அவளுக்குக் கை வரவில்லை. முதலாளியின் ஒரு மணி நேரத்தை வேலைக்காரி எடுத்துக்கொள்வதா? ஒரே ஒருமுறை, டிசம்பரில், பென்சிலால் ‘லின்’ என்று சின்னதாக எழுதினாள். அரை மணியில் யாரோ பல்வலி என்று போன் செய்தார். ரப்பரை எடுத்து அழித்துவிட்டாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவள் வெண்ணெயைப் பக்கத்து வீட்டுக்குத் தினமும் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று முறை டாக்டரிடம் வாய்விட்டும் கேட்டாள். மூன்று முறையும் அவர், “ஆமாம் ஆமாம், நேரம் காலியாகட்டும்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. மறந்துதான் போனார். அவளுக்கு வலித்தது அதுதான்.

லின் குடியிருக்கிற மாடியிலேயே இருக்கும் யுக்மெய் அவளை விடவில்லை. யுக்மெய்யும் லின்னும் பக்கத்துப் பக்கத்துக் கதவு; இருபது வருஷச் சிநேகிதம். போன வருஷம் ஷென்ஜென்னில் நான்கு கேப் போட்டுக்கொண்டு வந்து, பார்க்கிறவர்களுக்கெல்லாம் ஈயென்று காட்டிக்கொண்டிருந்தாள்.

“ஞாயித்துக்கிழமை எங்கூட வாடி. போய்ச் சேர ஒண்ணே முக்கால் மணி நேரம். ஆயிரத்தி எண்ணூறு யுவான். முடிச்சிட்டு அங்கேயே மீன் சாப்பிட்டு வந்துரலாம்.”

“டாக்டர் காதுல விழுந்தா என்ன நெனைப்பார்? பல் டாக்டர்கிட்ட வேலை பாக்கிறவ, பல்லுக்கு எல்லை தாண்டிப் போனான்னா அவர் மானம் என்னாகறது?”

“அவர் மானத்தை நீ ஏன்டி உன் வாய்க்குள்ள வச்சிப் பாதுகாக்கற? சர்க்கார் கிளினிக்குக்குப் போ, அவங்க ஓசியிலேயே பண்ணுவாங்க. பிடுங்கறதை மட்டும்!” என்று சொல்லி யுக்மெய் கெக்கலித்தாள்.

ஜனவரி கடைசியில் ஒரு காலை. வழக்கம்போல, கேப் செய்து அனுப்பும் லேபிலிருந்து பெட்டி வந்தது. நீலப் பெட்டி, உள்ளே பஞ்சில் பொதிந்து அன்றைக்கு மாட்டவேண்டிய கேப்புகள். எப்போதும் மேலே கவுலூன் ஏஜென்ட்டின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அன்றைக்கு ஒட்ட மறந்துவிட்டார்கள். அதற்கடியில் இத்தனை வருஷமாக மறைந்திருந்த விலாசம் பளிச்சென்று தெரிந்தது. ஷென்ஜென். ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு தெரு.

லின் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு டாக்டர் கோட்டு மாட்டும்போது கேட்டாள்.

“டாக்டர், நம்ம கேப்பெல்லாம் ஷென்ஜென்லயா செய்யறாங்க?”

அவருக்குத் தூக்கிவாரிப் போடவில்லை. கண்ணாடியில் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டே, “எங்க செஞ்சா என்ன லின்? மாட்டற கை யாருதுங்கறதுதான் விஷயம்” என்றார்.

பதில் சரிதான். ஆனால் அந்தக் கை அவள் வாய்ப்பக்கம் வரவே இல்லையே. அன்று சாயங்காலம் யுக்மெய்யின் கதவைத் தட்டி, “எனக்கும் ஒரு நேரம் வாங்கிக்கொடு” என்றாள். அங்கே சீனப் புத்தாண்டு விடுமுறைக் கூட்டம். விடுமுறை முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது.

அதற்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை, விடுமுறை முடிந்து கிளினிக் திறந்தது. திறக்கிற நாளில் முதலாளி எல்லோருக்கும் மதிய விருந்து கொடுப்பது வழக்கம். அந்த விருந்தில் கோழி வந்தால் வேலைக்காரர்களின் கண் தங்கள் கிண்ணத்திலேயே இருக்கும். முதலாளி தன் சாப்பிடும் குச்சியால் ஒரு கோழித் துண்டை எடுத்து யார் கிண்ணத்தில் வைக்கிறாரோ, அவருக்குச் சீட்டுக் கிழிந்தது என்று அர்த்தம். இப்போதெல்லாம் யாரும் அப்படிச் செய்வதில்லை. ஆனாலும் டாக்டர் மோக் வருஷா வருஷம் ஒரு துண்டைத் தூக்கி, ஒவ்வொரு கிண்ணத்துக்கு மேலேயும் வட்டமிட்டு, கடைசியில் தன் வாயில் போட்டுக்கொண்டு சிரிப்பார். எல்லோரும் சேர்ந்து சிரிக்க வேண்டும்.

அந்த வருஷம் துண்டு லின்னின் கிண்ணத்துக்கு மேலே கொஞ்சம் அதிக நேரம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை விஷயம் தெரிந்துவிட்டதோ என்று அவள் கிண்ணத்தைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். டாக்டர் கோழியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். பிறகு பொரித்த பன்றிக்குட்டித் தட்டிலிருந்து, நல்ல செக்கச்சிவந்த தோல் துண்டாகப் பார்த்து எடுத்து, அவள் கிண்ணத்தில் வைத்தார்.

“பத்தொன்பது வருஷம்! லின் இல்லைன்னா இந்தக் கிளினிக் ஏது? சாப்பிடு, சாப்பிடு.”

மேசை முழுக்கக் கை தட்டியது. அத்தனை கண்ணும் அவள் வாயையே பார்த்தன. முதலாளி கையால் வைத்ததை ஒதுக்கி வைப்பது மரியாதையா? வலது பக்கம் போட்டுக் கடித்திருக்கலாம். நான்கு மாதமாக அப்படித்தான் சாப்பிட்டு வந்தாள். ஆனால் வேலை போகவில்லை என்ற ஆசுவாசத்திலும், அவர் வாயால் வந்த நல்ல வார்த்தையின் சந்தோஷத்திலும் அவள் தன்னை மறந்துவிட்டாள்.

‘டக்’ என்றது.

வெளியே யாருக்கும் கேட்கவில்லை. லின்னுக்குக் கேட்டது. அது தோல் முறிகிற சத்தமா, பல் முறிகிற சத்தமா என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“எப்படியிருக்கு?” என்றார் டாக்டர்.

“நல்லா மொறுமொறுன்னு இருக்கு, டாக்டர்.”

ஞாயிற்றுக்கிழமை ஷென்ஜென்னில் அவளைப் பார்த்தது முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண் டாக்டர். படம் எடுத்தாள். திரையைத் திருப்பிக் காட்டினாள்.

“அக்கா, ஈறுக்குக் கீழ வரைக்கும் பொளந்திருக்கு. இதுல கேப் நிக்காது. எடுத்துத்தான் ஆகணும்.”

லின் தலையாட்டினாள். அவள் சொல்லும் பாட்டு, அவளுக்கே திரும்பி வந்திருந்தது.

“ரூட் கெனால் அருமையாப் பண்ணியிருக்காங்க. இவ்வளவு சுத்தமா நான் பார்த்ததே இல்ல. யார் பண்ணினது?”

“தெரிஞ்ச டாக்டர்.”

“தெரிஞ்சவரா? அப்புறம் ஏன் அவர் கேப் போடல?”

பக்கத்துத் தட்டில் யாருக்கோ வந்த ஒரு நீலப் பெட்டி இருந்தது. அதே லேப். லின் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழக் கூடாது என்று நினைத்தாள், அழுதுவிட்டாள். மருந்து ஊசிதான் வலிக்கிறது என்று நினைத்து அந்தப் பெண் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். பல் வலியில்லாமல் வந்தது. யுக்மெய்யும் அவளும் மீன் சாப்பிடாமலே திரும்பி ரயில் ஏறினார்கள்.

திங்கட்கிழமை தேநீர் நேரத்தில் முகக்கவசத்தை இறக்கியபோது டாக்டர் பார்த்துவிட்டார்.

“எங்க போச்சு பல்லு?”

“பொளந்துருச்சு. ஷென்ஜென்ல எடுத்தாங்க.”

“ஷென்ஜென்லயா?” அவர் முகம் நிஜமாகவே வாடிப்போனது. “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அப்பாயின்ட்மென்ட் புத்தகம் உன் கையிலதானே இருக்கு? உன் பேரை நீயே எழுதிக்கிட்டிருந்தா நான் போட்டுட்டிருக்க மாட்டேனா?”

மூன்று தடவை சொன்னேனே என்று அவள் சொல்லவில்லை. தோல் துண்டைப் பற்றியும் சொல்லவில்லை. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அவளுக்கு எல்லாம் சேர்ந்தே போயிருந்தது. அவர் வாடியது ஒரு நாள்தான். மறுநாளே அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

விலை கேட்டு நெளிகிற ஆள் நாற்காலியில் உட்கார்ந்தால், “லின், கொஞ்சம் காட்டு” என்பார். லின் முகக்கவசத்தை இறக்க வேண்டும். உதட்டைத் தூக்க வேண்டும்.

“பாருங்க. என் சொந்த நர்ஸ். சல்லிசா இருக்குன்னு எல்லை தாண்டிப் போனா. பல்லை விட்டுட்டு வந்தா.”

முதல் ஆள் உடனே கையெழுத்துப் போட்டார். இரண்டாவது ஆளும் போட்டார். பாட்டைவிட ஓட்டை நன்றாக வேலை செய்தது. ஒவ்வொரு முறையும் லின்னுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது.

மூன்றாவதாக வந்தவர் சியு என்ற டாக்ஸிக்காரர். அறுபத்து மூன்று வயது. கடைவாயில் ரூட் கெனால் முடிந்திருந்தது. கேப் என்றதும், “அடுத்த மாசம் பாக்கலாமா டாக்டர்?” என்று கேட்டார். லின் காட்டினாள். அவர் முகம் வெளிறிப்போனது. டாக்டர் கை கழுவப் போனதும் அவர் லின்னின் முன்மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அம்மா, எந்த கிளினிக்ல உங்களுக்கு இப்படிப் பண்ணினாங்க? பேரைச் சொல்லுங்க. நான் தப்பித் தவறிக்கூட அந்தப் பக்கம் போயிரக் கூடாது.”

உள்ளே குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. லின் ஒரு அப்பாயின்ட்மென்ட் அட்டையை எடுத்தாள். முன்பக்கம் டாக்டர் மோக்கின் பெயர் பொன்னெழுத்தில் இருந்தது. அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் ஷென்ஜென் கிளினிக்கின் பெயரையும் தெருவையும், அந்தப் பெண் டாக்டரின் பெயரையும் எழுதினாள். இந்தமுறை பேனாவால் எழுதினாள்.

“ஞாயித்துக்கிழமை கூட்டமா இருக்கும். சனிக்கிழமை காலைல போயிருங்க” என்றாள். “கேப் போடற வரைக்கும் அந்தப் பக்கம் எதையும் கடிக்காதீங்க. யார் கையால ஊட்டினாலும் சரி.”