அக்காவின் நாற்காலி

எத்தனையோ பாட்டுகளுக்குள் ஒரு நாற்காலி ஒளிந்துகொண்டிருக்கிறது. சொன்னால் சிரிப்பீர்கள். அந்த நாற்காலியைக் கண்ணால் பார்த்தவர்களில் பொத்தானும் ஒருவன்.

பொத்தான் என்பது அவன் அக்கா வைத்த பெயர். சின்ன வயதில் சட்டைப் பொத்தான்களைக் கடித்துத் துப்பிக்கொண்டே இருப்பான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சட்டையில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. வளர்ந்து, பாட்டுகளுக்கு இசை கோக்கிற வேலைக்குப் போனான். அங்கேயும் காலையிலிருந்து சாயங்காலம் வரை பொத்தான் அமுக்குகிற பிழைப்புதான். "பேர் வெச்ச என் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்" என்பாள் அக்கா. அவனுக்கு நாற்பத்திரண்டு வயதாகி, முன்மண்டை வெளுத்த பிறகும் அவளுக்கு அவன் பொத்தான்தான்.

அக்கா வயலின்காரி. ஒரு காலத்தில் அவள் வில் படாமல் அந்த ஊர் ஸ்டூடியோக்களிலிருந்து பாட்டு வெளியே போகாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி வந்து, வயலினில் இருக்கிற ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக வாசித்துக் கொடுக்கச் சொன்னது. மெதுவாக ஒன்று, அழுத்தி ஒன்று, நீட்டி ஒன்று, வெட்டி ஒன்று. கம்ப்யூட்டரில் அடுக்கி வைத்துவிட்டால், அப்புறம் யார் வேண்டுமானாலும் கீபோர்டில் கட்டையை அழுத்தி வயலினை வரவழைத்துக்கொள்ளலாம். அக்காவை அதில் சேர்த்துவிட்டவனே பொத்தான்தான். புதுசாக ஏதோ நடக்கிறது, அதில் அக்கா இருக்கட்டும் என்ற ஆசை.

ஆறு நாள் வேலை. சத்தம் கூடாதென்று ஃபேனையும் ஏசியையும் நிறுத்திவிட்டார்கள். அக்கா வியர்த்து வழிந்துகொண்டு ஒரு மரநாற்காலியில் உட்கார்ந்து வாசித்தாள். நாலாம் நாள் ஒரு சுரத்தை மெல்ல இழுக்கும்போது நாற்காலி 'ங்க்ரீ' என்று முனகியது. "திரும்ப எடுத்துடலாம்" என்றாள் அக்கா. "அதெல்லாம் யார் காதுலம்மா விழப்போகுது?" என்று அடுத்த சுரத்துக்குப் போய்விட்டார்கள்.

அக்காவின் வயலின் எல்லாக் கம்ப்யூட்டருக்குள்ளும் போய்ச் சேர்ந்த பிறகு அக்காவைக் கூப்பிட ஆளில்லை. வருஷத்துக்கு நாலு அழைப்பு வந்தது, இரண்டு வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலைக்குப் போனாள். அங்கே கூரையில் ஒரு ஸ்பீக்கர் நாள் முழுக்கப் பாடிக்கொண்டிருக்கும். வயலின் வரும் இடத்தில் அந்த முனகல் கேட்டால் உடனே தம்பிக்கு போன் போடுவாள்.

"பொத்தான், என் நாற்காலி பாடுதுடா!"

"எங்கக்கா?"

"ஏதோ செருப்பு விளம்பரம். நான் இங்க டோக்கன் கிழிக்கிறேன், அது ஊர் ஊராச் சுத்துது. குடுத்து வெச்ச நாற்காலி!"

அக்காவின் வீட்டுக்காரரும் இந்த விளையாட்டில் சேர்ந்துகொண்டார். மாமாவுக்கு ஒரு காது மந்தம். ஆனாலும் டிவியில் வயலின் வந்தாலே போதும், "நாற்காலி வந்துச்சா?" என்று கேட்பார். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். பொத்தான் சிரித்து முடித்ததும் உள்ளுக்குள் ஒன்று சுருக்கென்று குத்தும். அதை அவன் வெளியே சொன்னதில்லை.

அவன் வேலையும் முன்பு மாதிரி இல்லை. பாட்டுக் கம்பெனியில் அவனுக்கு மேலே இருந்தவரை எல்லோரும் 'கோடு சார்' என்றார்கள். புதுப் பாட்டு எதுவானாலும் முதலில் சில ஆயிரம் பேர் போனுக்கு அனுப்பி, யார் எந்த நொடியில் அதைத் தள்ளிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகிறார்கள் என்று கோடு போட்டுக் காட்டுவார். கோடு விழுந்த இடத்தை வெட்ட வேண்டும். வாராவாரம் நாற்பது பாட்டின் பட்டியலும் அனுப்புவார். ஒவ்வொன்றிலும் பதினோரு நொடி கேட்டால் போதும், எதைப் போல் செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். பொத்தானின் கட்டைவிரலுக்கு அது பழகிப்போயிருந்தது. பதினோரு நொடி, தள்ளு. பதினோரு நொடி, தள்ளு.

அப்படியிருக்க, அந்த வருஷம் எப்படியோ அவனுக்குள் ஒரு மெட்டு தானாகச் சுரந்தது. யாரைப் போலவும் இல்லாத மெட்டு. நடுவில் இருபது நொடியை வெறுமையாக விட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனான்.

"அக்கா, இந்த இடம் உனக்கு. என்ன வேணா வாசி."

"என்ன வேணாவா? எவனும் ஒண்ணும் சொல்ல மாட்டானா?"

"நான் இருக்கேன்ல?"

அக்கா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இந்த ஒரு தடவை வாசிச்சுட்டேன்னா போதும்டா. அப்புறம் டோக்கன் குடுக்கறது எனக்கு வலிக்காது."

இருபது நாள் பழகினாள். அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவில்லாமல் தந்திமேல் அடைப்பு மாட்டிக்கொண்டு, குளியலறையில் நின்று வாசித்தாள். கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் மாமா வலியப் போய், "சத்தத்துக்கு மன்னிக்கணும், எங்க வீட்டம்மா பாட்டுல வராங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தம்மாவுக்கோ ஒரு சத்தமும் கேட்டிருக்கவில்லை.

ஸ்டூடியோவில் அக்கா ஒரே தடவைதான் வாசித்தாள். அதை எப்படிச் சொல்லுவேன்! நமக்குத் தெரிந்த வீட்டுக்குப் போகிற மாதிரிதான் கிளம்பியது. வாசற்படி வரைக்கும் போனது. உள்ளே நுழையாமல் பக்கத்துச் சந்தில் திரும்பி, எங்கேயோ போய், எங்கே போனோம் என்று அதற்கே தெரியாத மாதிரி ஒரு கணம் நின்று, பிறகு கொல்லை வழியாக அதே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. அக்கா வில்லைத் தாழ்த்தி, "நின்னுக்கிட்டுதான் வாசிச்சேன். நாற்காலிக்கு இதுல பங்கில்ல" என்றாள்.

பத்தாம் நாள் கோடு சார் கூப்பிட்டார். திரையில் பச்சைக் கோடு நேராக வந்து, ஓரிடத்தில் படுத்துக் கிடந்தது.

"நீங்களே பாருங்க. வயலின் வருது, ஆள் போறான்."

"சார், அதோட அழகே அது எங்க போகுதுன்னு தெரியாததுதான்."

"எனக்கும் தெரியலை. ரெண்டு தடவை கேட்டேன், வீட்டுலயும் போட்டுக் காட்டினேன். எனக்குப் பிடிச்சிருக்குய்யா. ஆனா என்னை யார் கேட்டா? கோட்டைத்தான கேக்கறாங்க." அவர் குரல் தணிந்தது. "நாலு சுரம் போதும். போன மாசம் ஓடிச்சே ஒரு பாட்டு, அதுல வர மாதிரி. அதே மாதிரி, ஆனா அதே இல்லாம. முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற ஆள்கிட்ட குடுத்துடறேன்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். பொத்தான் வாய் திறந்தான். வந்த வார்த்தை "சரி சார்" என்பதாக இருந்தது.

அக்காவின் இருபது நொடியைத் தன் போனில் போட்டு வைத்துக்கொண்டான். பிறகு பாட்டிலிருந்து அதை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் வயலினைத் திறந்தான். அவன் கையில் இருந்தது அந்த ஒரு வயலின்தான், பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய அக்கா. முனகுகிற சுரம் எந்தக் கட்டையில் இருக்கிறது என்பது அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும்: நடுவிலுள்ள மூன்று கறுப்புக் கட்டைகளில் முதலாவது. அதன் பக்கமே போகாமல், அதற்கு முந்தைய வெள்ளைக் கட்டையோடு நிறுத்திக்கொண்டு நாலு சுரம் அழுத்தினான். இதற்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

அக்காவிடம் சொல்ல வேண்டும். தினமும் போனை எடுத்தான். எடுத்ததுமே அக்கா முந்திக்கொண்டாள்: "எப்படா வருது?" அவன் "ஞாயித்துக்கிழமைக்கா" என்றான். அந்த ஒரு வார்த்தையோடு மற்றதையெல்லாம் விழுங்கிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் அக்கா வீட்டில் ஏழெட்டுப் பேர். தையல்காரம்மா தன் மகளோடு வந்திருந்தாள். மாமா இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். எங்கிருந்தோ பெரிய ஸ்பீக்கர் இரவல் வாங்கி, ஜன்னலோரம் துணி விரித்து அதன்மேல் வைத்திருந்தார். அக்கா கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். "பொத்தான், நீ முன்னாடி உக்காரு. உன் பாட்டுதான?"

பாட்டு ஓடியது. வயலின் வரும் இடத்தில் மாமா கையைத் தூக்கி எல்லோரையும் அமைதிப்படுத்தினார்.

ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது சுரம் நீண்டது. அதன் அடியில், 'ங்க்ரீ.'

பொத்தான் ஸ்பீக்கரையே பார்த்தான். அவன் அந்தக் கட்டையைத் தொடவே இல்லையே! அப்புறம்தான் உறைத்தது. அவன் கொடுத்த பிறகு கம்பெனியில் யாரோ கம்ப்யூட்டரில் பாட்டின் சுருதியை அரைச் சுரம் ஏற்றியிருக்கிறார்கள். ஏற்றினால் பளிச்சென்றிருக்கும் என்று தோன்றியிருக்கும். எல்லாச் சுரமும் கீபோர்டில் அடுத்த கட்டைக்கு நகர்ந்து, வெள்ளை இருந்த இடத்துக்குக் கறுப்பு வந்துவிட்டது.

அவன் திரும்பி அக்காவைப் பார்க்கவில்லை. முதுகால் காத்திருந்தான். இதோ சொல்வாள், 'என் நாற்காலி பாடுதுடா' என்பாள், எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரிப்பாள். சொல்லட்டும். சொல்லிவிட்டால் நல்லது.

அக்கா சொல்லவில்லை.

"இதான்! இதான் அவ!" என்று மாமா தொடையைத் தட்டினார். அவருக்கு அந்த முனகல் கேட்டிருக்காது. தையல்காரம்மா எழுந்து போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எவ்ளோ நாள் பழகினீங்க இதுக்கு?"

"இருபது நாள்" என்றாள் அக்கா.

"நாலே நாலு சுரத்துக்கா!"

"ஆமாம்மா. அது கஷ்டமான நாலு."

எல்லோரும் டீ குடித்தார்கள். மாமா இன்னும் இரண்டு தடவை போட்டார். இரண்டு தடவையும் நாற்காலி முனகியது. அக்கா காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். குழாய்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அவன் கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். அவன் சட்டையின் மேல்பொத்தான் கழன்றிருந்ததைப் பார்த்து மாட்டிவிட்டாள்.

"அக்கா, நான்..."

"அந்த நாற்காலி இன்னும் அங்க இருக்காடா?"

"இல்லக்கா. எப்பவோ தூக்கிப் போட்டுட்டாங்க."

"அடப் பாவமே" என்றாள். "நாளைக்குக் காலைல எனக்கு சீக்கிரமே டியூட்டி. நீ பாத்துப் போ." கதவை ஓசைப்படாமல் சாத்தினாள்.

பொத்தான் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றான். போனை எடுத்து, காதில் மாட்டி, அக்காவின் இருபது நொடியைப் போட்டான். இதையாவது முழுசாகக் கேட்க வேண்டும், கேட்டுவிட்டுத் திரும்பிப் போய் அவள் காலில் விழ வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். வயலின் தெரிந்த வீட்டைப் பார்த்துக் கிளம்பியது. வாசற்படி வரை வந்தது. பக்கத்துச் சந்தில் திரும்பியது. எங்கே போகிறோம் என்று தெரியாமல் அது நின்ற அந்த இடத்தில், பதினோராவது நொடியில், அவன் கட்டைவிரல் தானாக நகர்ந்து தள்ளிவிட்டது.