ஏழு பத்துக்கு வந்த எக்கோ

தங்கம் அரைச்ச மண்ணைக் கொட்டி வெச்ச ஊரிகம் சயனைட் மேட்டு மேல அன்னிக்கு சாயந்தரம் முப்பது பேரு அண்ணாந்து பாத்துகினு நின்னாங்க. எல்லாம் சாம்ராஜ் பண்ண வேலை. அமெரிக்காக்காரன் பூமிய சுத்தி வர்றதுக்கு வானத்துல வுட்ட எக்கோ பலூன் ஏழு பத்துக்கு தென்மேற்குல கெளம்பி வடகிழக்குல போயி மறையும்னு பேப்பர்ல போட்டிருந்தான். அதை வெட்டி பாக்கெட்டுல வெச்சிகினு ஒவ்வொரு லைன் வூடா போயி சொல்லிட்டு வந்திருந்தான். மைனுக்கு அடியில வேலை செய்றவனுக்கு ஆகாசத்துல இன்னா வேலைன்னு ஏற்கனவே கிண்டல். வரலன்னா மானம் போயிடும்.

வந்துச்சி. வெள்ளியவிட பெருசா, சத்தமே இல்லாம. ஷிப்ட் முடிஞ்சி வர்ற மேஸ்திரி மாதிரி இன்னா நிதானம் பாருன்னு பக்கத்து லைன் சரோஜம்மா சொல்ல, எல்லாரும் சிரிச்சாங்க.

சாம்ராஜ் வானத்தை வுட்டுட்டு ஜனங்க மூஞ்சியப் பாத்தான். அத்தனை மூஞ்சியும் ஒண்ணா திரும்பிச்சி. அக்கா வூட்டுக்காரர் ஏனோக் மூஞ்சி மட்டும் கொஞ்சம் லேட்டு. பக்கத்துல நிக்கிறவன் கழுத்தப் பாத்து தன் கழுத்தத் திருப்பிகினு இருந்தாரு. "ஜோரா போவுது மச்சான்"னு கைய நீட்டினாரு. பலூன் அந்த எடத்தைத் தாண்டி எப்பவோ போயிடுச்சி.

ஏனோக் வைண்டிங் டிரைவர். ஷாஃப்ட்டுல ஆளுங்களை ஏத்தி எறக்கற கூண்டு அவர் கையிலதான். டயல் முள்ளையும் கம்பி சுத்தற டிரம்முல போட்ட வெள்ளைக் கோட்டையும் பாத்துதான் பிரேக் போடணும். சாம்ராஜ் தினம் எறங்கறதும் அதே கூண்டுதான்.

மேட்டுலேர்ந்து எறங்கறப்ப அக்கா பாக்கியவதியோட சேந்து மெதுவா நடந்தான். எத்தினி நாளான்னு கேட்டான். எதுன்னு அவ கேக்கல. போன கிறிஸ்மஸ்லேர்ந்துன்னு சொன்னா. கண் டெஸ்ட்டுல எப்பிடி பாஸ் ஆனாருன்னு கேட்டான். ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போனப்ப டெஸ்ட்டு அட்டையில இருந்த எழுத்தை எழுதிகினு வந்து, அவளே அவருக்கு மனப்பாடம் பண்ணி வெச்சாளாம்.

"இன்னும் ரெண்டு வருசம்டா, ரிட்டயர் ஆயிடுவாரு. நீ வாயத் தொறந்தா வேலையும் போவும், கம்பெனி வூடும் போவும்."

"அக்கா, அந்தக் கூண்டுல நான் போறேன்."

"தெரியும்டா. ஷிப்ட் சங்கு ஊதனா நீ கீழ போயி சேர்ற வரிக்கும் நான் முட்டி போட்டுகினு கீறேன்."

மறுநாள் காலையில ஷாஃப்ட்டு வாய்கிட்ட இன்ஜினீயர் நின்னுகினு இருந்தாரு. சொல்றதுன்னா அவர்கிட்டதான் சொல்லணும். சாம்ராஜ் அவருக்கு வணக்கம் போட்டான். அவரும் தலையாட்டினாரு. பின்னாலேர்ந்து தள்ளினாங்க, கூண்டுல ஏறிட்டான்.

மணி அடிச்சி கூண்டு எறங்கிச்சி. காது அடைச்சிகிச்சி. யாரோ நேத்து பாத்த பலூனைப் பத்திப் பேசிகினே வந்தான். வேலை செய்ற லெவல் வந்து கூண்டு நின்னுச்சி, கேட்டு தொறந்துச்சி.

அவன்தான் மொதல்ல எறங்கணும். லாம்பை கீழ புடிச்சான். கூண்டு தரைக்கு ஒரு ஜாண் மேலயே நின்னிருந்துச்சி, நடுவுல எடைவெளி. எப்பவும் இவ்ளோதானா, இன்னிக்குத்தான் இப்படியான்னு அவனுக்குத் தெரியல. இத்தினி வருசத்துல ஒரு நாளும் குனிஞ்சி பாத்ததில்ல.

"எறங்குடா, கல்யாணப் பொண்ணா நீ"ன்னு பின்னாலேர்ந்து ஒருத்தன் சொன்னான்.

சாம்ராஜ் ஒரு காலை அந்த எடைவெளிக்கு மேல நீட்டிகினு நின்னான்.